மூன்றாம் அங்கத்தின் உச்ச ஸ்வரம்

உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் சொன்ன மறுகணமே 'ஏன்?' என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாடகி மார்ஜரி ட்வைட் மனதுக்குள் கணக்குப் போட்டாள். சிகாகோ ஓபரா அரங்கின் மேலாளர் ஹால்டேன் காட்டிய மொட்டைக் கடிதம் இரண்டே வரி: 'நேற்றைய ஒத்திகையில் மூன்றாம் அங்கத்தின் உச்ச ஸ்வரத்தில் ட்வைட்டின் குரல் உடைந்தது. இன்று மேடையிலும் உடையும்.'

எட்டு மணிக்குத் திரை விலகும். ஐந்துக்குள் உண்மை தெரியாவிட்டால் அவள் பாத்திரம் மாற்றுப் பாடகி கொரினுக்குப் போய்விடும். ஆறு வருடமாக மார்ஜரியிடமே குரல் பயிலும் பெண் கொரின். நாற்பத்தெட்டு வயதில் பறிபோகும் பாத்திரம் திரும்பி வராது.

"ஒத்திகையில வாசிச்ச பியானோக்காரர், குரல் உடையலன்னுதான் சொல்றார். மேடத்துக்கு இருபது வருஷ சிநேகிதர், வேற என்ன சொல்வார்?" என்றார் ஹால்டேன்.

துப்பறிவாளர் வெண்டல் ப்ரூயிட் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்கு உதவியாக வந்திருந்த மனைவி ஓப்பல் நோட்டைப் புரட்டினாள்.

"அந்த இடத்துல மட்டும் சத்தத்தை அடக்கி வாசிக்கச் சொல்லி மேடம் கேட்டாங்கன்னு அந்தப் பியானோக்காரர் உளறிட்டு, உடனே வாயை மூடிக்கிட்டார், வெண்டல். எனக்கு அவர் மேலதான் சந்தேகம்!"

"உனக்குக் காலையில பால்காரன் மேலயும் சந்தேகம். கொரினைக் கூப்பிடு."

கொரின் கண்ணைத் துடைத்தபடி வந்தாள். "மன்னிச்சிடுங்க டீச்சர். நேத்து கதவுக்கு வெளியேதான் நின்னேன். மூணாவது அங்கத்துல மேல போனப்போ குரல் உடைஞ்சுது. அழுதுட்டேன்."

"டீச்சர் ஒத்திகையில முழுக் குரல்லதான் பாடுவாங்களா?" என்றார் ப்ரூயிட்.

"எப்பவும். குரலைச் சேமிக்கிறவ சோம்பேறின்னு எங்களைத் திட்டுவாங்களே!"

ப்ரூயிட் மார்ஜரி பக்கம் திரும்பினார். "முழுக் குரலுக்கு எதுக்கு மேடம் பியானோவை அடக்கணும்?"

ஆறு வருடமாகத் தான் கண்டித்த அதே தவறை மார்ஜரி இப்போது மாணவி முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நேத்து அதை நான் பாடவே இல்லை. கீழ் ஸ்தாயியில முணுமுணுத்துட்டு நகர்ந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு பியானோக்காரரைக் கெஞ்சினேன்."

"அப்போ உடைஞ்சது எது?" என்றாள் ஓப்பல்.

"எதுவுமே இல்லை," என்றார் ப்ரூயிட். "எழுதினவங்க கதவுப் பக்கமே வரலை. முழுக் குரல்ல பாடுற டீச்சரோட பழக்கத்தை நம்பி வீட்டுலேருந்தே எழுதிட்டாங்க. கடிதத்துல என்ன இருக்குன்னு உங்ககிட்ட நாங்க சொல்லவே இல்லையே, கொரின். அதே இடம், அதே பொய் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கொரினின் அழுகை சட்டென்று நின்றது. "இன்னும் எத்தனை வருஷம் டீச்சர் நான் திரைக்குப் பின்னாடியே நிக்கிறது?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் வெளியேறினாள்.

ஹால்டேன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அவர் பார்வை மார்ஜரியின் கழுத்தை விட்டு நகரவில்லை.

"அதை ஏன் பாடலை மேடம்? பயமா? ஒரே ஒரு தடவை இங்கேயே பாடிக் காட்டிடுங்க. எனக்கு நிம்மதியா இருக்கும்."

அந்த ஸ்வரம் தன்னிடம் இன்னும் இருக்கிறதா என்று அவரைவிட அவளுக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது. ஒருமுறை வாயைத் திறந்தால் போதும்.

"இல்லை, மிஸ்டர் ஹால்டேன்," என்றாள் மார்ஜரி மெல்ல. "டிக்கெட் வாங்கினவங்க கேக்கறதுக்கு முன்னாடி அந்த ஸ்வரத்தை நீங்க கேக்கக் கூடாது."