மாசிலாமணியின் சம்மதம்

ஒன்பதாவது முறையாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

நிதியமைச்சர் திலகவதி கடன் கோப்பினை மேசைமேல் எறிந்தாள். செவ்வாய்க் கிரகக் குடியரசு எந்தக் கடன் வாங்கினாலும் இந்தச் சிந்தைப்பெட்டி பச்சை விளக்குக் காட்டியாக வேண்டும். குடியரசை நிறுவி, அதன் நாணயத்துக்கு மதிப்பும் தேடித் தந்த மாசிலாமணி, இறப்பதற்கு முன் தம் மனத்தை முழுதாக அதில் படியெடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அரசியல் சாசனமும் அவர் எழுதியதுதான்.

"வரி எங்கே தாயி?" என்றது பெட்டி. "கடன் வாங்குற அன்னிக்கே அதை அடைக்க வரியும் போடணும். முதல் பக்கத்துலயே எழுதி வச்சிருக்கேனே."

"வரின்னா பேரவையில ஒருத்தரும் கை தூக்க மாட்டேங்கிறாங்கய்யா. வடபள்ளத்துல காத்து தயாரிக்கிற மூச்சாலை பழுதாகி ஆறு மாசமாச்சு. அதைச் சரிபண்ணத்தான் இந்தக் கடன். நாலாயிரம் பேர் அரைக் காத்துல கெடக்காங்க. அங்க இருக்கிற என் தங்கச்சி பிள்ளைங்களை ஓடி விளையாடவே விடறதில்ல."

பெட்டி குரலைத் தாழ்த்தியது.

"நான் உயிரோட இருந்தப்ப இவங்க அப்பனுங்க வரி போட்டாங்க, ஜனங்ககிட்டத் திட்டும் வாங்கினாங்க. இவங்க எல்லாத்தையும் தர்றேன்னு ஓட்டு வாங்கிட்டு, கடன் கோப்பை எங்கிட்ட அனுப்பிடறாங்க. கிழவன் முடியாதும்பான்னு தெரியும். நான் இல்லேன்னா அவங்களே வரி போடணும், இல்லாட்டி ஜனங்க முகத்தைப் பாத்து முடியாதுன்னு சொல்லணும். என்னைக் கழட்டிவிட ஒரு மசோதா கொண்டு வாயேன்."

"சாசனத்தைத் திருத்துறதுக்கும் நீங்க சம்மதிக்கணுமே?"

"கேட்டுத்தான் பாரேன்."

அவள் நின்றபடியே மசோதாவை நான்கு வரியில் எழுதி உரக்கப் படித்தாள். பச்சை விளக்கு உடனே எரிந்தது. அப்படி ஒரு விளக்கு அதில் இருப்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

மறுநாள் திலகவதி பெட்டியோடு பேரவைக்கு வந்து மசோதாவை முன்வைத்தாள். எதிர்க்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டி எழுந்தார். பெட்டியைக் கும்பிட்டார்.

"கேட்ட மாத்திரத்துல அதிகாரத்தை விட்டுக் குடுக்கிறாரே, என்ன மனசு! இப்படிப்பட்ட மனுஷரை நாம இழக்கலாமா?"

ஆளுங்கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்கள். எதிலுமே ஒத்துப்போகாத இரு கட்சிகளும் அன்று ஒன்றாய்க் கை தூக்கின. மசோதாவை எதிர்த்து அறுபத்திரண்டு. ஆதரித்து ஒன்று, திலகவதி. சூட்டோடு சூடாக, ஐயா என்றென்றும் பதவியில் நீடிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானமும் வந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"இது நிதி விஷயமுமில்ல, சாசனத் திருத்தமுமில்ல," என்றார் அவைத்தலைவர். "ஐயா சம்மதம் தேவையில்ல."

திலகவதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். சன்னலுக்குக் கீழே, கண்ணாடிக் கூரையிட்ட சதுக்கத்தில், வடபள்ளத்து மக்கள் திரண்டிருந்தார்கள். அவைக்குள்ளிருந்து நேரே அங்கே போன சௌந்தரபாண்டியின் கையில் ஒலிபெருக்கி இருந்தது.

"நாலாயிரம் உயிரைவிட வரி பெருசா? மாசிலாமணி ஒழிக!"

கூட்டம் திருப்பிச் சொன்னது. முன்வரிசையில் ஒரு பெண் கையை ஓங்கி ஓங்கிக் கத்தினாள். தலைநகரின் முழுக் காற்றில், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நிற்காமல் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு தாயி என் பேரைச் சொல்லிக் கத்துறது?" என்று பெட்டி கேட்டது.

"முதல் குரல் சௌந்தரபாண்டி," என்றாள் திலகவதி. "ரெண்டாவது என் தங்கச்சி."