மிஞ்சிய வில்லை

பலகையில் ஒரு வில்லைதான் தொங்க வேண்டும். இரண்டு தொங்கின.

ஒன்று அவருடையது, அலுமினியம், ஒன்றாம் எண். மற்றது பித்தளை, எண் தேய்ந்து போயிருந்தது. பழைய ரயில் நிலையத்தை இடிக்கிற வேலைக்கு வருகிறவர்கள் உள்ளே நுழையும்போது ஆளுக்கொரு வில்லையை வாசல் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே போகும்போது கையோடு எடுத்துப் போக வேண்டும். மாட்டியவன்தான் எடுக்கணும், அடுத்தவன் தொடக் கூடாது. பலகை காலியானால்தான் கேட்டைப் பூட்டலாம். இதைச் சொல்லிச் சொல்லியே கேட் வாட்ச்மேனான அவருக்கு வில்லைக்காரர் என்று பெயர் வந்துவிட்டது.

"ஏம்ப்பா, இது யாரோடது?"

கடைசியாகக் கிளம்பிய வெல்டர் எட்டிப் பார்த்தான். "பத்துப் பேரும் போயாச்சு வில்லைக்காரரே. எவனாவது விளையாட்டுக்கு மாட்டியிருப்பான்."

"விளையாடுற வயசா உங்களுக்கெல்லாம்?"

"உங்களைக் கடுப்பேத்த வயசு எதுக்கு?" சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மணி ஆறாகப் போகிறது. காலை ஏழு மணியிலிருந்து நின்ற கால்கள் கெஞ்சின. ஆறு மணிக்கு மனைவி ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிவிடுவாள். எட்டு வயது மகள் வீட்டில் தனியாக இருப்பாள். நேற்றும் முந்தாநாளும் அவர் தாமதம். இன்றைக்காவது நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று தவியாய்த் தவித்தார்.

சலித்துக்கொண்டே உள்ளே நடந்தார். தண்டவாளம் பெயர்த்த இடத்தில் கட்டைகளின் தடம் வரிவரியாகக் கிடக்க, அறுத்த இரும்பின் கருகிய பெயிண்ட் நாற்றமும் வௌவால் புழுக்கையின் நெடியும் மூக்கில் ஏற, பாதி இடித்த மேம்பாலத்தின் நிழல் பிளாட்பாரத்தில் நீண்டு, டிக்கெட் கவுன்டரின் அடைத்த ஜன்னல் வரைக்கும் போயிருந்தது. ரயில் நின்று எத்தனையோ வருஷம்.

"யாருய்யா உள்ளே?"

பயணிகள் அறைக்குள் பெஞ்சு முனகியது. வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர் விடும் பெருமூச்சு ஒன்று கேட்டது. தினமும் அவரே விடுகிற பெருமூச்சு.

டார்ச்சை அடித்தார். பெஞ்சில் ஆளில்லை. விரல் கனத்துக்குப் படிந்த தூசியில் ஒருவர் உட்கார்ந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அடுத்த அறையையும் பார்த்திருக்க வேண்டும். அதுதான் அவர் வேலை. பயமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"எங்கே இருக்கீங்க? நான் பஸ் ஏறிட்டேன். நீங்க ஜன்னல்ல வில்லையைக் காட்டினாத்தான் கதவைத் திறக்கணும்னு பாப்பாகிட்ட சொல்லியிருக்கேன். வேற யாருக்கும் திறக்க மாட்டா."

"தோ, கிளம்பிட்டேன்மா. பத்தே நிமிஷம்."

பலகைக்குத் திரும்பினார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தானே. பலகை காலியாகணும், அவ்வளவுதான் என்று பித்தளை வில்லையைத் தானே கழற்றினார்.

வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் கைக்குள் வைத்திருந்ததுபோல.

தன்னுடையதற்குக் கை நீட்டினார். ஆணிதான் இருந்தது.

கீழே தேடினார். இல்லை. சட்டைப் பையில். இல்லை. நிமிர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. இழுத்தார். வெளிப்பக்கம் சங்கிலி கலகலத்தது. காலையில் சாவிக்கொத்தோடு அவர் தொங்கவிட்ட பூட்டு, பூட்டியிருந்தது. வண்டிச் சாவியும் அதே கொத்தில்தான்.

வெளியே ஒரு வண்டி இருமிக் கிளம்பியது. அவருடைய வண்டி.

கத்தினார். தகர வேலி இரண்டாள் உயரம். யாருக்கும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. இருட்டிவிட்டது. மறுபடி.

"ஹலோ, யாரு?"

"பாப்பா! அப்பா பேசறேன். கதவைத் திறக்காதே. யார் வந்தாலும் திறக்காதே!"

"அப்பா வந்துட்டாங்களே," என்றாள் மகள். "ஜன்னல்ல வில்லையைக் காட்டினாங்க. ஒண்ணாம் நம்பர். நான்தான் திறந்தேன்."

"பாப்பா..."

"ஒண்ணும் பேச மாட்டேங்கிறாங்க. அப்ப புடிச்சு என்னையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நீங்க யாரு?"

அவள் குரலுக்குப் பின்னால் நாற்காலி முனகியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற பெருமூச்சு கேட்டது.