விரிப்பை மடித்த விதம்

அவர் இப்படி அழவே இல்லையே என்று நினைத்துக்கொண்டாள் சௌந்தரவல்லி. திரையில் அவளுடைய கணவர் சுவரெல்லாம் கரியால் எண்களை எழுதிவிட்டு, அதே சுவரில் நெற்றியை முட்டி முட்டி அழுதுகொண்டிருந்தார். சந்திரனில் கரிக்கு எங்கே போனாராம்?

படம் பார்க்க உட்காரும் முன்பே காதுக்குப் பின்னாலிருந்த நினைவுமணியைக் கழற்றித் தட்டில் வைத்திருந்தாள். நான்காம் குகைநகரின் சான்றகத்துக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதுபோல அதையும் கழற்றிவிடுவார்கள். உளுந்தளவு மணி. மனம் எதை எப்படி நினைக்கிறதோ, அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். கழற்றிய மணியைத் திரும்பப் பொருத்தினால் அதில் இருப்பதுதான் மனத்தில் ஏறும்; எழுத்தை மாற்றிப் பொருத்தினால் மனத்திலும் மாறிவிடும்.

ஒரு படத்தை வாழ்க்கைப்படம் என்று சொல்ல வேண்டுமானால், அந்த மனிதரோடு பழகியவர்களின் நினைவோடு அது ஒத்துப்போக வேண்டும் என்பது சட்டம். மெய்யறி என்ற இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்துச் சான்று கொடுக்கும். கணித மேதை இளவழுதியின் படத்துக்குப் பன்னிரண்டு சாட்சிகள். பதினொரு மணிகள் ஒத்துப்போய்விட்டன. மனைவியின் மணி மட்டும் இரண்டு இடங்களில் இடித்தது.

விளக்கு எரிந்ததும் இயக்குநர் ஜெபராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"என்னைய ரொம்ப அழகாக் காட்டியிருக்கீங்க தம்பி. அவரத்தான் யாருன்னு தெரியல."

அவன் சிரித்துவிட்டான். பொல்லாதவன் இல்லை. இந்தப் படத்துக்காக மூன்று வருடம் உட்கார்ந்து கணிதம் படித்தவன்.

"அந்தக் கண்டுபிடிப்புக் காட்சிதான்மா இடிக்குது. காய்ச்சல் வேகத்துல ஒரே மூச்சா எழுதுறார்னு எடுத்திருக்கோம். உங்க நினைவுல என்னமோ பெட்ஷீட் மடிக்கிறாரு."

மடித்தார்தான். பூமியிலிருந்து கொண்டுவந்த பழைய விரிப்பு. ஒரு மூலையில் காபிக் கறை. சந்திரனில் துணி அவசரமில்லாமல் இறங்கும். அது இறங்கும் வரை ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அன்றைக்கு அவர் முதலில் பக்கவாட்டில் மடித்தார், பிறகு மேலிருந்து கீழாக. கறை மேலே வந்து இளித்தது.

"எத்தன தடவ சொல்றது? மொதல்ல மேலேருந்து மடிங்க, அப்பறம் பக்கவாட்டுல. கறை உள்ள போயிடும்."

"எத மொதல்ல மடிச்சா என்ன வல்லி, எல்லாம் ஒண்ணுதானே" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். ஒன்று இல்லை. வரிசை மாறினால் விடை மாறுகிறது. மாறாது என்று நம்பித்தான் பதினொரு வருடம் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தார். விரிப்பைத் தலையில் போர்த்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பதினொரு வருஷம் முட்டாளா இருந்திருக்கேன்டி!" அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

"மேதை பதினொரு வருஷம் தப்பு பண்ணாருன்னா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கம்மா" என்றான் ஜெபராஜ்.

"அப்ப கற்பனைக் கதைன்னு போட்டுருங்களேன்."

"கற்பனைன்னா யாரு பாப்பா? உண்மைக் கதைன்னாத்தான் வருவாங்க." குரலைத் தாழ்த்தினான். "மணியில சின்னதா ஒரு திருத்தம். ஆறு நிமிஷம்தான், வலிக்காது. கடைசிக் காட்சியும் அதோட சேந்து சரியாயிடும்."

கடைசிக் காட்சியில் இளவழுதி அவள் மடியில் தலைவைத்து, அவள் பெயரைச் சொல்லிக் கண் மூடினார். உண்மையில் அவள் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள். மூன்று நிமிடம். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒன்பது வருடங்களாக அந்த மூன்று நிமிடத்தைத்தான் அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். இப்போது சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அது இறங்கிவிடும். அவர் விடைபெற்றுக்கொண்டுதான் போனார் என்றாகிவிடும். அவள் தட்டிலிருந்த மணியைப் பார்த்தாள்.

"மத்த பதினொரு பேருக்கும் இப்படித்தான் மாத்துனீங்களா?"

ஜெபராஜ் மேசையிலிருந்த மெய்யறியைப் பார்த்தான்.

"ஒருவருக்கும் மாற்றவில்லை" என்றது மெய்யறி. "முன்னோட்டத்தைப் பார்த்த பத்து நாளுக்குள் அவர்களுடைய நினைவுகள் தாமாகவே மாறிவிட்டன. சந்திரனுக்கே வராத அவருடைய தம்பியும் சுவரில் கரியைப் பார்த்ததாக நினைக்கிறார். மனிதர்களிடம் இது வழக்கம்தான். முன்னோட்டத்தைப் பார்க்காதவர் நீங்கள் மட்டுமே."

சௌந்தரவல்லிக்குத் திக்கென்றது. முன்னோட்டம் என்ன, இப்போது முழுப் படத்தையும் அல்லவா பார்த்துவிட்டாள்? கண்ணை மூடி அவருடைய விரல்களை நினைத்துப் பார்த்தாள். விரிப்பின் முனையைப் பிடித்திருந்த அந்த விரல்களில் லேசாகக் கரி ஒட்டியிருந்தது.

சட்டென்று எழுந்தாள். படம் பார்க்காமல் தட்டிலேயே கிடந்த மணியை எடுத்துக் காதுக்குப் பின்னால் பொருத்தி, முடியை இழுத்து மூடினாள்.

"ஆறே நிமிஷம்தாம்மா" என்றான் ஜெபராஜ் மறுபடியும்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "வீட்டுல விரிப்பு மடிக்காமக் கெடக்கு."