நாற்பத்தெட்டு மக்குகள்

திறப்பு விழாவுக்குச் சரியாக இருபத்தாறு மணி நேரம் இருந்தபோது, முனிரத்தினம் பட்டுவின் பரிசோதனைக் கூடத்துக்குள் செருப்போடு நுழைந்தார்.

மேற்குத் தாம்பரத்தில், யக்ஞநாராயணனின் வீட்டு மாடியில் இருந்தது அந்தக் கூடம். வீடு கட்டுகிறவர்கள் கொண்டுவரும் போர்வெல் தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம், குடிக்கக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுப்பது பட்டுவின் தொழில். வயது இருபத்தேழு. அதிகம் பேசமாட்டாள். பேச்சையெல்லாம் அவள் மாமா என்று கூப்பிடும் யக்ஞநாராயணன் பார்த்துக்கொண்டார். ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் காலனித் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றியவன் யார் என்று பட்டு கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவர் தன்னைத் துப்பறியும் கம்பெனியின் பங்குதாரராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இங்க டெஸ்ட்டு பண்றது?"

"இதோ, இவதான்."

"பொம்பளப் புள்ளையா? வேற ஆள் இல்ல?"

"இல்லை. கிண்டி கவர்மென்ட் லேபுக்குப் போனா ஆம்பளைகளா நிறைய இருப்பா. பதினஞ்சு நாள் ஆகும், பரவாயில்லையா?" என்றார் யக்ஞநாராயணன்.

முனிரத்தினம் அவரை உற்றுப் பார்த்தார். "உன்னத் தெரியும். என் பார் வரக் கூடாதுன்னு கலெக்டருக்கு மனு போட்ட காலனிக்காரன். அதுல உன் கையெழுத்தும் கீது."

"முதல் கையெழுத்தே என்னோடதுதான்."

பட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். முனிரத்தினம் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும், கைப்பிடி வைத்த வெள்ளைப் பீங்கான் மக்கு ஒன்றையும் மேஜைமேல் வைத்தார். பாட்டிலில் அரிசி கழுவின தண்ணீர் போல ஏதோ இருந்தது.

"இது பீரு. சொன்னா நம்புவியா?"

ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஏற்கெனவே நான்கு பார்கள் இருந்தன. ஐந்தாவது முனிரத்தினத்தினுடையது. மற்ற இடங்களில் பாட்டில் பீர். இவருடையதில் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக நுரையோடு இறங்கும் பீர். தாம்பரத்துக்கே புதுசு.

"மேடவாக்கத்துல எங்கப்பன் வுட்டுட்டுப் போன பனந்தோப்ப வித்துப் போட்டுக் கீறேன். வருசா வருசம் தெக்கத்தி ஆளுங்க குடும்பத்தோட வந்து மரம் ஏறுவானுங்க. இப்ப அங்க பிளாட்டு. நேத்து சாயந்திரம் பன்னெண்டு பேர இட்டாந்து வெள்ளோட்டம் வுட்டேன். மக்குல புடிச்சா நுரையே இல்ல. வாயில வெச்சா சப்புனு கீது. பக்கத்து பார் குப்புராஜ் காலைல இன்னா எழுதி மாட்டிக் கீறான் தெரியுமா? 'இங்கு மோர் கிடைக்காது.' சந்து பூரா என் கடைக்கு மோர் பார்னு பேர் வெச்சிட்டானுங்க."

யக்ஞநாராயணன் சிரிப்பை அடக்க மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் முனிரத்தினம். "பொன்னியம்மான்னு ஒருத்தி. மக்கு கழுவினவ. குப்புராஜாண்ட கை நீட்டி வாங்கிகினு எதையோ தடவிட்டா. பார்லயே குந்த வெச்சிக் கீறேன். நாளைக்கு அஞ்சு மணிக்குத் திறப்பு. அதுக்குள்ள அவள ஸ்டேசன்ல வுட்ருவேன். அவதான் கலந்தான்னு நீ ஒரு பேப்பர் எழுதிக் குடு."

"என்ன கலந்திருக்குன்னு எழுதுவேன். யாருன்னு பார்க்காம எழுத மாட்டேன்." பட்டு முதல்முறையாகப் பேசினாள். "நேத்து நீங்க குடிச்சீங்களா?"

"நானா? மலைக்கு மாலை போட்டதோட நிறுத்தினவன். ஒண்ணே முக்கால் வருசம் ஆச்சு. நாளைக்கு மொத மக்கு நான்தான் குடிப்பேன். நாப்பத்தெட்டு மக்குல கைக்கு வந்தத எடுத்து, ஊரே பாக்கக் குடிப்பேன்."

முழங்கையை வறட்வறட்டென்று சொறிந்துகொண்டே சொன்னார். பட்டுவின் பார்வை அவர் கண்ணில் ஒரு கணம் நின்று காலுக்கு இறங்கியது. செருப்பு வார் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது. அப்படியும் பாதத்தில் பதிந்து அழுத்தியது.

"வெள்ளோட்டம் எப்ப முடிவாச்சு?"

"நேத்து மத்தியானம். குப்புராஜ் வாய் நீட்டினான். இன்னிக்கே காட்றேண்டான்னு சொல்லிட்டேன்."

"அதுவரைக்கும் மக்கெல்லாம் எங்க இருந்தது?"

"வூட்ல. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில வாங்கினது. பார்ல சுண்ணாம்பு அடிக்கிற வேலை நடந்துது, அதான் வூட்ல வெச்சோம். செவ்வாக்கிழமை பொன்னியம்மா வந்து கழுவிக் கவுத்துட்டுப் போனா. நேத்து மூணு மணிக்கு அட்டைப் பெட்டியோட வண்டில ஏத்தினோம்."

பட்டு ஒரு கண்ணாடிக் குவளையையும் சொட்டு மருந்து பாட்டில் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டாள்.

"நானும் வரேன்" என்று யக்ஞநாராயணன் சட்டையை மாட்டினார். நெற்றியில் இருந்த விபூதியை அழிப்பதா வேண்டாமா என்று கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நின்றார். அழிக்கவில்லை.

பாரில் புதுச் சுண்ணாம்பின் நெடி. மூலையில் வெள்ளையடித்த வாளி. பின்கதவருகே தரையில் பொன்னியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் லாசரஸ். ஏஜென்சியிலிருந்து குழாய் மாட்ட வந்தவன்.

"பீப்பா சீலு நான்தான் சார் ஒடச்சேன், இவரு கண்ணு முன்னாடி. எங்க பீருல ஒரு குத்தம் இல்ல. மக்க நான் பார்த்ததே நேத்து அஞ்சு மணிக்கு. இன்னொருவாட்டி என்மேல பழி போட்டாரு, பீப்பாவத் தூக்கிகினு போய்க்கினே இருப்பேன்."

"போடா பாப்போம்!"

பட்டு கண்ணாடிக் குவளையை நீட்டினாள். "இதுல கொஞ்சம் பிடிங்க."

குழாய் சீறியது. பொன்னிறமாக இறங்கிய பீரின் தலையில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை கட்டி நின்றது. பட்டு அதை அப்படியே ஒரு வெள்ளை மக்கில் ஊற்றிச் சுற்றினாள். எண்ணி முப்பது எண்ணுவதற்குள் நுரை செத்தது. பீர் கலங்கி மோரானது.

யக்ஞநாராயணன் துள்ளினார். "பீர் இல்லை! மக்குதான் குற்றவாளி! மக்கு!"

"இன்னா சாமி, உங்களையே சொல்லிக்கிறீங்க?" வாசலில் ஒரு குரல். குப்புராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றான். "முனி, ஐயரக் கூட்டியாந்து பரிகாரமா? அப்டியே மோருக்குப் பெருங்காயம் போடச் சொல்லு."

"உள்ள கால வெச்ச, ஒடச்சிருவேன்!"

"நான் எதுக்கு உள்ள வரேன்? வெளியவே ஜாலியா கீது."

பட்டு எதையும் காதில் வாங்காமல், பயன்படுத்தாத மக்கு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே விரலை வைத்துத் தேய்த்தாள். பிறகு ஒரு சொட்டு மருந்து விட்டாள். வெள்ளைப் பீங்கானில் அந்தச் சொட்டு செம்பருத்தி நிறத்துக்கு மாறியது.

"சுண்ணாம்பு" என்றாள். "வெள்ளைமேல வெள்ளை. அதான் யார் கண்ணுக்கும் படலை."

"சுண்ணாம்பா!" முனிரத்தினம் மூலை வாளியைக் காலால் தள்ளினார். "டேய் லாசரஸ், நேத்து வெள்ளையடிக்கிறவனோட குசுகுசுன்னு பேசிகினு இருந்தியே, இதுக்குத்தானா?"

பட்டு சுவரை நகத்தால் சுரண்டிக் காகிதத்தில் வைத்தாள். பக்கத்தில் மக்கிலிருந்து சுரண்டியதை வைத்தாள். "வெள்ளையடிக்கிற சுண்ணாம்புல நீலம் போடுவாங்க. பாருங்க, இது லேசா நீலம். மக்குல இருக்கறதுல நீலம் இல்லை. நல்லா வடிகட்டின சுத்தமான சுண்ணாம்பு. வெத்தலைக்குப் போடற மாதிரி."

முனிரத்தினம் திரும்பிப் பொன்னியம்மாளின் இடுப்புப் பையைப் பிடுங்கினார். வெற்றிலை, பாக்கு, ஒரு தகர டப்பி. "பாத்தியா! சுண்ணாம்பு! இப்ப எழுது பேப்பர!"

"எம்மேல கை வெக்காத!" பொன்னியம்மாள் எழுந்துவிட்டாள். "வெத்தல போடறவ எல்லாம் திருடியா? கொட்டி எடுத்துக்கோ. அதுல ஒரு மக்குக்குப் பத்துமா பாரு."

பட்டு டப்பியைத் திறந்து பார்த்து மூடினாள். கட்டைவிரல் நுனியளவு இருந்தது. "பத்தாது" என்றாள்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. தூக்குச் சட்டியோடு ஒரு பெண் நின்றாள். முனிரத்தினத்தின் மனைவி கிளியம்மாள்.

"இங்க இன்னாடி வேல உனக்கு? பொம்பள வர்ற எடமா இது?"

"இவள மட்டும் காலைலேர்ந்து குந்த வெச்சிக்கீற. பட்டினியாக் கீறா. சோறு குடுத்துட்டுப் போறேன்." கிளியம்மாள் சட்டியைப் பொன்னியம்மாள் கையில் வைத்தாள். மேஜையில் சிவந்து கிடந்த மக்கைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "அவள வுட்ரு. கலயத்த அவ ஒண்ணும் செய்யல. கழுவிக் கவுத்துட்டு அன்னிக்கே பூட்டா."

பட்டு டப்பியை மேஜைமேல் வைத்தாள். யக்ஞநாராயணனுக்கு அந்த அசைவு தெரியும். காலனித் தொட்டி விவகாரத்திலும் முடிவு வந்தபோது அவள் இப்படித்தான் கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் உட்காருங்க" என்றாள். குப்புராஜ்கூட வாசற்படியில் உட்கார்ந்தான். பட்டு யார் முகத்தையும் பார்க்காமல் மக்கைப் பார்த்தே பேசினாள்.

"பீர்ல இருக்கற காற்றுதான் நுரை. சுண்ணாம்பு அந்தக் காற்றைத் தின்னுடும். தின்னதும் தண்ணி பால் மாதிரி கலங்கும். நேத்து நடந்தது அவ்வளவுதான். ஆனா பீரைக் கெடுக்கணும்னு நினைக்கறவங்க என்ன செய்வாங்க? மக்குக்கு ஒரு கட்டி உள்ள போட்டுட்டு ஓடிடுவாங்க. இங்க அப்படி இல்லை. கரைச்சு ஊத்தி, சுழட்டி, விளிம்புக்கு ரெண்டு விரல் கீழ நிறுத்தி, கவிழ்த்துக் காய வெச்சிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்லை, நாற்பத்தெட்டு. விரோதி இவ்வளவு பாடுபட மாட்டான்."

"கேட்டியா முனி?" என்றான் குப்புராஜ். "நான் இல்லன்னு தங்கச்சி சொல்லிட்டா."

"உங்களால முடியாது. மக்கு நேத்து மூணு மணி வரைக்கும் இவங்க வீட்டுல இருந்தது. நேரா இங்க வந்தது. லாசரஸ் அஞ்சு மணிக்குத்தான் பார்த்தார். செவ்வாய்க்கிழமை கழுவியாச்சு. கழுவினதுக்கப்புறம், வண்டி ஏறறதுக்கு முன்னாடி, வீட்டுக்குள்ளதான் பூசியிருக்கணும். பூசினவங்க நாளைக்கு நடக்கற திறப்புக்காகப் பூசினாங்க. வெள்ளோட்டம் நடக்கும்னு அவங்களுக்குத் தெரியாது."

முனிரத்தினம் ஒரு மக்கை எடுத்து உள்ளே முகர்ந்து பார்த்தார்.

"நீங்க, லாசரஸ், மாமா, பொன்னியம்மா, நான் எல்லாரும் இதை மக்குன்னுதான் சொன்னோம். ஒருத்தர் மட்டும் கலயம்னு சொன்னாங்க. கலயம் பனைமரத்துல கட்டறது. உள்ள சுண்ணாம்பு பூசிக் கட்டினா பதநீர். பூசாமக் கட்டினா கள்."

சந்தில் ஒரு பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. யக்ஞநாராயணனுக்கு மேடவாக்கத்துப் பனந்தோப்பும், குடும்பத்தோடு வந்து மரம் ஏறிய தெற்கத்தி ஆட்களும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"நீயாடி?" முனிரத்தினம் எழுந்தார். கை ஓங்கியிருந்தது. "மரமேறி பொண்ணுன்னு ஊரே துப்பினப்பகூட உன்னக் கட்டிகினு வந்தேனே, என் தலையிலயே மண்ண வாரிப் போட்டியா?"

யக்ஞநாராயணன் எப்படியோ நடுவில் போய் நின்றிருந்தார். நகரவில்லை. "கையைக் கீழ போடுங்கோ ஓய்."

கிளியம்மாள் பின்வாங்கவில்லை. "மொதல்ல அவள அனுப்பு."

"போறேன்" என்றாள் பொன்னியம்மாள். டப்பியை மேஜையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள். "இனிமே உன் வூட்டு ஏனம் ஒண்ணையும் தொட மாட்டேன், முனிரத்தினம். பேரச் சொல்லித்தான் கூப்புடுவேன், இன்னா பண்ணுவே?" ஆனால் கதவு வரை போய் அங்கேயே நின்றாள். கையில் கிளியம்மாளின் தூக்குச் சட்டி இருந்தது.

"ஏன் செஞ்சாங்க, பட்டு?" யக்ஞநாராயணன் கிசுகிசுத்தார்.

"ஒரு ஊகம் இருக்கு மாமா. அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை."

கிளியம்மாள் ஒரு மக்கைக் கையில் எடுத்தாள். உள்ளே தடவிப் பார்த்தாள். "எங்கப்பன் சுண்ணாம்பு தடவி எறக்கினத நாங்க கொழந்தைங்க வயிறு முட்டக் குடிச்சிட்டு வெளையாடுவோம். மயக்கமே வராது. பீரும் இதுக்குள்ள வுழுந்தா அப்டி ஆயிடும்னு நெனச்சேன்."

"ஆகாதுங்க" என்றாள் பட்டு. குரல் மிக மெல்லியதாக இருந்தது. "புளிக்கறதுக்கு முன்னாடி இருந்தாதான் சுண்ணாம்பு தடுக்கும். புளிச்சு முடிஞ்சதைத் திருப்பாது."

"அது தெரியாமப் பூடுச்சே."

"என் யாவாரத்தையே ஒழிச்சிட்டு, தெரியலையாம்!" முனிரத்தினம் மேஜையில் அறைந்தார். மக்குகள் குலுங்கின. "எனக்கு ஒண்ணு சொல்லு. ஒண்ணு ரெண்டுல தடவினா பத்தாதா? நாப்பத்தெட்டுலயும் ஏண்டி தடவினே?"

"நீ எத எடுப்பேன்னு தெரியலையே."

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. லாசரஸ் அதை இறுக மூடினான். வாசற்படியில் குப்புராஜ் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டான்.

முனிரத்தினம் சொறிவதை நிறுத்தியிருந்தார். "நான் எடுத்தா இன்னா?"

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சொன்னா, அப்ப ஆச தீரக் குடிச்சிட்டே சாவறேன்னு சொல்ற ஆளு நீ." அவள் மக்கை மற்றவற்றோடு வரிசையில் வைத்து, கைப்பிடியை நேராக்கினாள். "போன சித்திரைல வயிறு ஊதிகிச்சுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனமே, டாக்டரு உன்ன வெளிய குந்த வெச்சிட்டு என்ன மட்டும் உள்ள கூப்டாரு. உன் ஈரல் முக்கால்வாசி செத்துப் பூட்ச்சாம்யா. திரும்பக் குடிக்க ஆரம்பிச்சா ஆறு மாசங்கூடத் தாங்க மாட்டியாம்."