செம்பு உருண்டை

இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

ஜெபராஜ் தொண்டைக்குள் விரலை விட்டுப் பிடித்திருந்தான். நீளத் தலைமுடி. ஒரு சாண் வந்துவிட்டது. கறுப்பாக, வழவழவென்று, எச்சிலோடு. மறுமுனை வயிற்றுக்குள் எங்கோ சிக்கியிருந்தது.

"மெதுவாடா! அறுந்து உள்ளயே தங்கிடப் போகுது." அம்மா ரத்தினபாய் அவன் முதுகைத் தடவினாள்.

அறுந்துவிட்டது.

இரும்புலியூரில் அந்தப் பழைய வீட்டுக்கு அவர்கள் குடிவந்து இருபது நாள்தான். எழுபத்து நாலாம் வருஷக் கோடை. கக்கூஸில் தலைக்கு மேல் இருந்த இரும்புத் தொட்டி, வந்த நாளிலிருந்தே நிற்காமல் ஓடியது. நிரம்பி வழிந்த தண்ணீர் சுவரிலிருந்த குழாய் வழியாக வெளியே கொட்டியது. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றும் கிணறோ வற்றிக்கொண்டிருந்தது. வீணாக்க ரத்தினபாய்க்கு மனசு வரவில்லை. குழாய்க்கு அடியில் குடத்தை வைத்தாள்.

"கக்கூஸ் தண்ணியாம்மா?" என்று ஜெபராஜ் முகம் சுளித்தான்.

"பீங்கான்ல எறங்கினாத்தான்டா அது கக்கூஸ் தண்ணி. மேல இருக்கிற வரைக்கும் நம்ம கெணத்துத் தண்ணிதான். பெரிய துரை வீட்டுப் பிள்ளை!"

இருபது நாளும் அதில்தான் சோறு, காப்பி. கொஞ்சம் தித்திப்பாகக்கூட இருந்தது.

இன்று காலை பிளம்பர் துளசிங்கம் ஏணி போட்டு ஏறினார்.

"மெதக்க வேண்டிய செம்பு உருண்டை முழுகிக் கீது தம்பி. இது மேல வந்தாத்தான் தண்ணி நிக்கும்."

கழற்றிக் குலுக்கினார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஈரத்துணி போல ஏதோ புரண்டது.

ரம்பத்தால் அறுத்ததும் குப்பென்று அடித்தது நாற்றம். கெட்டுப்போன தேங்காயெண்ணெய். அழுகிய மல்லிகை. உள்ளே கொழகொழவென்று சுருண்டிருந்தது ஒரு பின்னல், நுனியில் சிவப்பு ரிப்பனோடு.

"ஊசி ஓட்டகூட இல்லியே, எப்டி உள்ள போச்சி?" துளசிங்கம் குரலைத் தாழ்த்தினார். "யம்மா, வெளிய கொடத்துல புடிக்கிறீங்களே, அந்தத் தண்ணிய இன்னா பண்றீங்கோ?"

ரத்தினபாய் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஜெபராஜின் தொண்டையில் ஏதோ நெளிந்தது.

துளசிங்கம் புது உருண்டை மாட்டவில்லை. மெயின் குழாயை இறுக மூடினார். தொட்டியைக் காலி செய்தார். ஏணியை எடுக்க மறந்து போய்விட்டார்.

விளக்கணைத்த பிறகு ஜெபராஜ் அம்மாவின் பாய்க்கு நகர்ந்து வந்தான்.

"அம்மா, தண்ணி ஓடுது."

"அதான் மூடியாச்சேடா."

"கேளு."

சொய்யென்று, அதே சத்தம்.

ரத்தினபாய் எழுந்து போனாள். கக்கூஸ் தொட்டி காய்ந்து கிடந்தது. வெளிக்குழாயில் ஒரு சொட்டு இல்லை. திரும்பி நடக்க நடக்கச் சத்தம் கூடியது. பாயருகே குனிந்து, மகனின் சட்டையை விலக்கி, வயிற்றில் காதை வைத்தாள்.

நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏசப்பா..."

அவன் மூச்சில் மல்லிகை அழுகிய வாடை.

"அம்மா," என்றான் ஜெபராஜ் மெல்ல, "இதுக்கு எந்தக் கொழாயம்மா மூடணும்?"