தாயாடு முகர்ந்து பார்த்தது

ஆர்ச்சி கதவைத் தட்டினான். பன்னிரண்டு வருஷமாகக் காலால் உதைத்தே திறக்கிற சொந்த வீட்டுக் கதவை.

“ஏன்யா, ஒன் வீட்டுக்கே விருந்தாளியா வந்திருக்கியா?” என்று சிரித்தபடி மைசி திறந்தாள். இரண்டு நாள் பனிப்புயலில் மந்தையோடு மலைமேல் சிக்கிய புருஷன் நடந்தே வந்துவிட்டான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுப்பருகே படுத்திருந்த நாய் கெப் மட்டும் எழுந்து, சுவரோரமாக ஒண்டிப்போய், வெளியே ஓடிவிட்டது.

“பசிக்குது, மைசி.”

மைசியாம்! கல்யாணமான மறுநாளிலிருந்து அவன் வாயில் அவள் ‘கெழவி’தான். குளிரில் புத்தி மரத்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டினாள்.

நடுமதியம்தான். ஜன்னலில் பாதிவரை பனி ஏறியிருந்ததால் வீட்டுக்குள் வெளிச்சம் நீலம்பாரித்துக் கிடந்தது. விக்டோரியா ராணி படம் போட்ட தேயிலை டப்பாகூட அலமாரியில் மங்கலாய்த்தான் தெரிந்தது. எங்கும் அடுப்பில் விறகுக்குப் பதில் காய்ந்த சதுப்பு மண்கட்டி எரிகிற புகையும் ஈரக் கம்பளியும் ஆட்டுப்பாலும் கலந்த வாசனை. மூலைத் தடுப்புக்குள் ஒரு தாயாடு பாலூட்டிக்கொண்டிருந்தது. அதன் குட்டி காலையில் செத்துவிட்டது. மைசி அதை உரித்து, தோலைத் தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டையாக மாட்டி, கழுத்தடியில் தைத்துவிட்டாள். சொந்தக் குட்டியின் வாசனை இருந்தால்தான் தாயாடு பால் கொடுக்கும்; குட்டி ஈனும் பருவத்தில் எல்லா மேய்ப்பர் வீட்டிலும் நடப்பதுதான். தாயாடு இரண்டு தடவை முகர்ந்தது. மைசியை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மடியைக் கொடுத்தது. உரித்த உடலை அவள் வெளியே எறிந்திருந்தாள். பனியில் சிவப்பாகக் கிடந்தது.

ஐந்து வயது பெகி அப்பா மடியில் ஏறினாள். ஏறிய வேகத்தில் இறங்கினாள்.

“அம்மா, அப்பா கை தொளதொளன்னு இருக்கும்மா.”

“ரெண்டு நாளு பட்டினி, இளைச்சிருக்காரு. சும்மா இரு.”

புகையிலை, வியர்வை, ஆட்டு நெய். எல்லாம் ஆர்ச்சியின் வாசனைதான். ஆனால் தோளில் இருந்த பனி, அடுப்புச் சூட்டிலும் உருகவில்லை.

கிண்ணத்தை வைத்தாள். அவன் குனிந்தான். கழுத்துத் துணி விலகியது.

தையல்.

நெருக்கமான, நேர்த்தியான தையல்.

ஐயோ.

அலறத்தான் வாயைத் திறந்தாள். போன வருஷம் பக்கத்துப் பள்ளத்தாக்கு மேய்ப்பன் செத்தது நினைவுக்கு வந்தது. புதைத்த ஈரம் காய்வதற்குள், நிலத்துக்கும் வீடுகளுக்கும் சொந்தக்காரரான துரையின் காரியஸ்தன் அவன் பெண்டாட்டி பிள்ளைகளை வண்டியில் ஏற்றி ஏழைகள் விடுதிக்கு அனுப்பினான். மேய்ப்பன் இருந்தால்தான் வீடு. பாழாய்ப்போன வீடு!

கதவில் ஓர் உதை விழுந்தது.

“ஏ கெழவி, தொறடி. குளுருதுடி.”

ஜன்னலில் பனி ஏறாத இடுக்கு வழியே பார்த்தாள். தலை முதல் கால் வரை சிவப்பு. தோலே இல்லை. அதன் கையை கெப் வாலாட்டிக்கொண்டே நக்கியது.

மைசிக்கு அழுகை முட்டியது. பெகியைப் பார்த்தாள். குறுக்குக் கட்டையைத் தூக்கிக் கதவில் மாட்டினாள்.

“சாப்பிடுய்யா,” என்றாள், மேசைமுன் உட்கார்ந்திருந்ததிடம். “ஆறிடும்.”

அது கஞ்சியை உறிஞ்சியது. வெளியே உதை நின்றது.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஆர்ச்சி கதவைத் தட்டினான்.