விலை கூடிய தோட்டா

“இது எந்தப் பொம்பளைக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, ஹார்லன்.”

குட்டைக் குழல் ரைஃபிளை மேஜைமேல் வைத்தாள் மெர்லீன். அவள் கணவன் வெர்னன் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. “அலமாரியில ஒளிச்சு வச்சிருந்தார். தோள்ல வைக்கிற பின்கட்டையைப் பாருங்க, அவர் கைநீளத்துக்கு ஒத்துவராத அளவுக்குக் குட்டையாக்கியிருக்கு.”

ஹார்லன் ஓக்லஹோமாவில் இருபது வருஷம் துணை ஷெரீஃபாகப் போலீஸ் வேலை பார்த்தவர். இப்போது துப்பாக்கி பழுதுபார்க்கிறார். கூட்டாளி ஓடெல் கடையின் பின்பக்கத்தில் இரும்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

“அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். காதுக்குள்ள விசிலடிக்குது,” என்றாள் மெர்லீன்.

ஓடெல் நிறுத்திவிட்டு ஆர்வத்தோடு வந்து, அவள் கொண்டுவந்த நோட்டைப் புரட்டினார். அதில் வெர்னன் மூன்று வகைத் தோட்டாக்களை ஒப்பிட்டிருந்தான். ஐந்து ஐம்பத்தாறு: விலை குறைவு, சுடும்போது தோளில் விழும் உதையும் குறைவு. ஏழு அறுபத்திரண்டு: தோள் கடுக்கிறது. முந்நூறு பிளாக்கவுட்: இரண்டு மடங்கு விலை, உதை நடுத்தரம். ‘இதுதான்’ என்று கடைசிக்கு அடிக்கோடு.

“சின்ன உடம்புக்காரி, மெத்துனு தோள். முடிஞ்சுது!” என்றார் ஓடெல்.

“மெத்துனு தோளுக்கு முதல் தோட்டாவே போதுமேப்பா. அஞ்சு சென்ட் மிச்சம்னா அடுத்த ஊருக்கு வண்டி ஓட்டறவன் வெர்னன். அவன் உதையையும் பார்க்கல, விலையையும் பார்க்கல. வேற எதையோ வாங்கியிருக்கான்.” குழலின் முனையில் மாட்டியிருந்த, சத்தத்தை அடக்கும் சைலன்சரைத் தொட்டுக் காட்டினார் ஹார்லன். “இவ்வளவு குட்டைக் குழல்ல மத்தது ரெண்டும் இடி மாதிரி வெடிக்கும். இந்தத் தோட்டாவுல கனமான, மெதுவாப் போற குண்டு இருக்கு. சத்தமே பெருசா வராது. மெர்லீன், நீங்க சுடுறதை எப்போ விட்டீங்க?”

“எட்டு வருஷமாச்சு. வெடிச் சத்தத்துல காது கெட்டதுக்கு அப்புறம்…”

“தோள்ல வச்சுப் பாருங்க.”

வைத்தாள். அவளுக்கென்றே அளவெடுத்தது போலிருந்தது.

“முன்னாடியெல்லாம் சுட வர்றியா, வர்றியான்னு கேட்டுக்கிட்டே இருப்பார்,” என்றாள் மெர்லீன். “திடீர்னு நிறுத்திட்டார். வேற துணை கிடைச்சிடுச்சுன்னு நினைச்சேன்.”

“தனியாத்தான் வருவான்,” என்றார் ஓடெல், தலை குனிந்து. “இங்கதான் பின்னாடி உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவாச் சுட்டுப் பார்ப்பான். யாருக்குன்னு மட்டும் சொன்னதே இல்ல.”

கடைக்குப் பின்னால், மண்மேட்டுக்கு எதிரே, காதுமூடி மாட்டிக்கொண்டு அவள் ஒரு முறை சுட்டாள். புத்தகத்தை மூடியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். காதுக்குள் விசில் எழவில்லை.

“வெர்ன், வலிக்கவே இல்ல!” என்று சிரித்தபடி பக்கத்தில் திரும்பினாள் மெர்லீன்.

அங்கே காற்றில் புல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.